உரியாவின் கையில் கொடுத்த கடிதம்: 1975ஆம் ஆண்டின் நெருக்கடி நிலையும் திருச்சபையின் மௌனமும்

முன்னுரை

ஆடித்தபசு விழாவுக்கும் நெசவுத் தொழிலுக்கும் பெயர்பெற்ற சங்கரன்கோவில், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ராக்லாந்து ஐயரும் அவருடைய தோழர்களும் கூடாரமிட்டு ஊர் ஊராகச் சென்று நற்செய்தி அறிவித்த வட திருநெல்வேலிப் பகுதியைச் சார்ந்தது. 2019ஆம் ஆண்டு முதல் அது தென்காசி மாவட்டத்தில் அடங்குகிறது. டில்லி அரண்மனைகளில் நிகழ்பவை இக்கரிசல் மண்ணுக்கு எட்டாத் தொலைவில் உள்ளவை என்று நாம் எண்ணுவதுண்டு. ஆயினும், 1977ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நடைபெற்ற நாடாளுமன்றத் தேர்தல் இவ்வட்டாரத்து ஆயர்களுக்கும் இறையியல் மாணவர்களுக்கும் இன்றும் விடை காண வேண்டிய ஒரு வினாவை விட்டுச் சென்றுள்ளது.

அத்தேர்தலில் உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளிலும் பீகாரின் 54 தொகுதிகளிலும் ஆளுங்கட்சியாகிய காங்கிரஸ் ஓர் இடமும் பெறவில்லை. பிரதமர் திருமதி இந்திரா காந்தியே தம் ரேபரேலித் தொகுதியில் தோற்றார். தமிழ்நாட்டிலோ காங்கிரஸ் இடம்பெற்ற அணி 39 இடங்களில் 34 இடங்களை வென்றது. இன்று சங்கரன்கோவிலைத் தன்னகத்தே கொண்டுள்ள தென்காசித் தொகுதியும் அந்த ஆண்டு காங்கிரஸ் வேட்பாளரையே தேர்ந்தெடுத்தது. வடக்கே மக்கள் மன்னிக்க மறுத்த ஒன்று தெற்கே பெரிதாகத் தோன்றவில்லை. இதற்கு அரசியல் காரணங்கள் பல உண்டு. கட்டாயக் கருத்தடையின் கொடுமை வடமாநிலங்களைத் தாக்கிய அளவுக்குத் தென்மாநிலங்களைத் தாக்கவில்லை. எம்.ஜி.ஆரின் செல்வாக்கு இங்கு ஓங்கி நின்றது. இவற்றை அரசியல் நூலோர் ஆராயட்டும். நாம் கேட்க வேண்டிய வினா வேறு: அந்த 21 மாதங்களில் நம் பிரசங்க பீடங்களிலிருந்து மக்கள் கேட்டது என்ன?

இவ்வினாவுக்கு விடை காண, முதலில் நிகழ்ந்தவற்றை வரிசையாக நோக்குவோம். பின்னர் 2 சாமுவேல் 11, 12ஆம் அதிகாரங்களின் ஒளியில் அவற்றை ஆராய்வோம்.

1. அலகாபாத்தில் கண்ட குற்றம்

1971ஆம் ஆண்டுத் தேர்தலில் இந்திரா காந்தி அம்மையார் ரேபரேலியில் சோஷலிஸ்டுத் தலைவர் ராஜ் நாராயணனை 1,11,000க்கும் மேற்பட்ட வாக்குகளால் வென்றார். தோற்றவர் அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். நான்கு ஆண்டுகள் நடந்த அவ்வழக்கில் 1975 மார்ச்சில் பிரதமரே சாட்சிக் கூண்டுக்கு வந்து குறுக்கு விசாரணைக்கு உட்பட்டார். நாட்டின் தலைவர் ஒருவர் தம் குடிமகன் ஒருவரின் முறையீட்டுக்கு நீதிபதியின் முன் மறுமொழி கூறியது இந்திய மக்களாட்சியின் பெருமைக்குரிய நாட்களில் ஒன்று எனலாம்.

1975 ஜூன் 12ஆம் நாள் நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா தீர்ப்பு வழங்கினார். வாக்காளருக்குப் பொருள் கொடுத்தது, வரம்புக்கு மீறிச் செலவு செய்தது முதலிய கடுமையான குற்றச்சாட்டுகளை அவர் தள்ளிவிட்டார். இரண்டே குற்றங்கள் மெய்ப்பிக்கப்பட்டன என்றார். ஒன்று, பிரதமரின் செயலகத்தில் அரசு அலுவலராக இருந்த யஷ்பால் கபூரின் உழைப்பை, அவர் பணியிலிருந்து முறைப்படி விலகுமுன்னரே, தேர்தலுக்குப் பயன்படுத்தியது. மற்றொன்று, மாநில அரசு அலுவலரைக் கொண்டு கூட்டமேடைகளை அமைக்கவும் ஒலிபெருக்கிகளுக்கு மின்சாரம் பெறவும் செய்தது. இவ்விரண்டின் பொருட்டு அவருடைய தேர்தல் செல்லாது என்றும், ஆறு ஆண்டுகள் அவர் தேர்தல் பதவி எதையும் வகிக்கலாகாது என்றும் நீதிபதி தீர்த்தார். மேல்முறையீட்டுக்கு 20 நாள் இடைக்காலமும் அளித்தார்.

போக்குவரத்து விதியை மீறியதற்காக ஒரு பிரதமரைப் பதவியிலிருந்து இறக்குவதா என்று அந்நாளிலேயே கேலி பேசினர். குற்றம் சிறியது என்பதில் ஐயமில்லை. ஆனால் நீதிபதியின் முன் இருந்தது சட்டம். அச்சட்டம் ஆளுக்கு ஆள் மாறுவதன்று. வங்கிகளை நாட்டுடைமையாக்கியவர், 1971ஆம் ஆண்டுப் போரில் நாட்டை வெற்றிக்கு நடத்தியவர் என்னும் புகழெல்லாம் அம்மையாருக்கு உரியதே. அப்புகழ் சட்டத்தின் முன் எடையிடப்படும் பொருளன்று என்பதே தீர்ப்பின் சாரம்.

2. சிறிய குற்றத்தைக் காக்க எழுந்த பெரிய குற்றங்கள்

ஜூன் 24ஆம் நாள் உச்சநீதிமன்ற விடுமுறைக்கால நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், தீர்ப்பை நிபந்தனையுடன் நிறுத்தி வைத்தார். அம்மையார் பிரதமராக நீடிக்கலாம், நாடாளுமன்றத்தில் பேசலாம், ஆனால் மக்களவை உறுப்பினராக வாக்களிக்கலாகாது. மேல்முறையீட்டின் முடிவுக்காகக் காத்திருக்கும் நேர்வழி திறந்தே இருந்தது. தற்காலிகமாகப் பதவி விலகி, வழக்கில் வென்றபின் மீண்டும் ஏற்கும் வழியும் இருந்தது.

மறுநாள் இரவு, அரசியலமைப்பின் 352ஆம் பிரிவின்படி உள்நாட்டு நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது கையொப்பமிட்டார். அமைச்சரவை கூடி முடிவு செய்யவில்லை. விடியற்காலையில் அமைச்சர்கள் அழைக்கப்பட்டு நடந்ததை அறிந்தனர். அதற்குள் ஜெயப்பிரகாஷ் நாராயணன், மொரார்ஜி தேசாய் முதலிய தலைவர்கள் சிறையில் இருந்தனர். டில்லி நாளிதழ்களின் அச்சகங்களுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. நாட்டில் போராட்டங்களும் அமைதியின்மையும் இருந்தது உண்மையே; அவற்றை அடக்கவே நெருக்கடி நிலை என்று அரசு விளக்கம் கூறிற்று. ஆயினும் அடுத்து வந்த சட்டங்கள் வேறொரு நோக்கத்தைக் காட்டிக்கொடுத்தன.

மேல்முறையீட்டு விசாரணை ஆகஸ்டு 11ஆம் நாளுக்குக் குறிக்கப்பட்டிருந்தது. பிரதமரின் தேர்தலை எந்த நீதிமன்றமும் விசாரிக்கலாகாது என்னும் அரசியலமைப்பின் 39ஆம் திருத்தம் ஆகஸ்டு 7ஆம் நாள் மக்களவையிலும், 8ஆம் நாள் மாநிலங்களவையிலும் நிறைவேறிற்று. 9ஆம் நாள் மாநிலச் சட்டமன்றங்கள் அதை ஏற்றன. 10ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். தேர்தல் சட்டமும் முன்தேதியிட்டுத் திருத்தப்பட்டது. குற்றம் செய்த நாளில் குற்றமாயிருந்தது, நான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்த சட்டத்தினால் குற்றமற்றதாக ஆக்கப்பட்டது. அதே ஆகஸ்டில், குடியரசுத் தலைவர், பிரதமர், ஆளுநர் ஆகியோர் மீது பதவிக்கு முன்னும் பதவியிலும் செய்த எச்செயலுக்கும் குற்ற வழக்குத் தொடரலாகாது என்னும் மற்றொரு திருத்த மசோதா மாநிலங்களவையில் நிறைவேறிற்று. அது மக்களவையில் நிறைவேறாமலே மறைந்தது. ஆயினும் மனித உள்ளம் எவ்வளவு தூரம் செல்லத் துணிந்தது என்பதற்கு அது சான்றாக நிற்கிறது.

நவம்பர் 7ஆம் நாள் உச்சநீதிமன்றம் 39ஆம் திருத்தத்தின் அப்பகுதியைச் செல்லாது என்று நீக்கியது. ஆனால் திருத்தப்பட்ட தேர்தல் சட்டத்தின்படி அம்மையாரின் தேர்தல் செல்லும் என்றது. வழக்கு முடிந்தது. நெருக்கடி நிலை முடியவில்லை. பின்னர் நீதிபதி ஷா தலைமையில் அமைந்த விசாரணைக் குழுவின் கணக்குப்படி, உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமாகிய மிசாவின்கீழ் 34,988 பேரும், இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் 75,818 பேரும் சிறைப்பட்டனர். 1976-77ஆம் ஆண்டில் மட்டும் 81 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் செய்யப்பட்டன. இலக்கை எட்டும் பொருட்டு ஏழைகள் பலர் வற்புறுத்தப்பட்டனர். டில்லியில் துர்க்மான் வாயில் பகுதிக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. அரசுப் பதவி எதுவும் வகிக்காத பிரதமரின் இளைய மகன் சஞ்சய் காந்தி அமைச்சர்களுக்கும் அலுவலர்களுக்கும் ஆணையிடும் நிலை உண்டாயிற்று. இரண்டு மேடைகளும் ஓர் அலுவலரின் சில நாள் உழைப்புமாகத் தொடங்கிய காரியம் இங்கு வந்து சேர்ந்தது.

இது இந்தியாவுக்கே உரிய கதையன்று. 1972 ஜூன் 17ஆம் நாள் வாஷிங்டன் நகர வாட்டர்கேட் கட்டடத்தில் நடந்த களவு முயற்சி ஒரு தேர்தலையும் மாற்றியிருக்காது. அதை மறைக்க முயன்றதே அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சனை 1974 ஆகஸ்டு 9ஆம் நாள் பதவி துறக்கச் செய்தது. வெள்ளை மாளிகையிலேயே ஞாயிறு ஆராதனைகளை நடத்தியவர் அவர். புகழ்பெற்ற நற்செய்தியாளர் பில்லி கிரகாம் அவருடைய நெருங்கிய நண்பர். அரண்மனைக்குள் ஆராதனை இருந்தது; நாத்தானின் குரல் அங்கே கேட்கவில்லை.

3. தாவீதின் அரண்மனையில் நிகழ்ந்தது

2 சாமுவேல் 11ஆம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் இச்சையைப் பற்றிய எச்சரிப்பாகப் பிரசங்கிக்கிறோம். ஆனால் அதிகாரத்தின் அமைப்பை நோக்கினால், பத்சேபாளைப் பற்றிய செய்தி சில வசனங்களிலேயே முடிந்துவிடுகிறது. அதிகாரத்தின் பெரும்பகுதி அச்செயலை மறைக்கத் தாவீது செய்த முயற்சிகளையே விவரிக்கிறது. உரியாவைப் போர்க்களத்திலிருந்து அழைக்கிறான், வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறான், குடிக்கச் செய்கிறான், ஒன்றும் பலிக்காதபோது கடிதம் எழுதுகிறான். அக்கடிதத்தை உரியாவின் கையிலேயே கொடுத்து யோவாபுக்கு அனுப்புகிறான். தன் மரண ஆணையைத் தானே சுமந்து சென்ற உரியா இஸ்ரவேலன் அல்லன், ஏத்தியன். வேற்றினத்தானாகிய அவன் அரசனைவிட உடன்படிக்கைப் பெட்டியையும் உடன் போர்வீரரையும் மதித்தான் என்பதை நூலாசிரியர் நுட்பமாகக் காட்டுகிறார்.

இவ்வதிகாரத்தில் 'அனுப்புதல்' என்னும் எபிரேய வினைச்சொல் திரும்பத் திரும்ப வருவதை விளக்கவுரையாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். தாவீது யோவாபை அனுப்புகிறான், ஆள் அனுப்பி விசாரிக்கிறான், ஆள் அனுப்பிப் பத்சேபாளை அழைக்கிறான், உரியாவை அனுப்பும்படி சொல்லி அனுப்புகிறான், கடிதம் அனுப்புகிறான். யோவாபும் செய்தி அனுப்புகிறான். அனுப்பும் அதிகாரம் முழுவதும் அரண்மனைக்கே உரியது போலத் தோன்றுகிறது. 12ஆம் அதிகாரத்தின் முதற் சொற்களில் அதே வினை மீண்டும் வருகிறது; இம்முறை அனுப்புகிறவர் ஆண்டவர்; அனுப்பப்படுகிறவன் நாத்தான். அரசனுக்கு மேலாக ஆள் அனுப்ப வல்லவர் ஒருவர் உண்டு என்பதே இவ்விரு அதிகாரங்களின் நற்செய்தி.

யோவாபின் பங்கையும் நாம் கருத வேண்டும். கடிதத்தைப் படித்தவன் அவன். அதன் பொருளை அறிந்தவன் அவன். அவன் ஒரு வினாவும் எழுப்பவில்லை. ஆணையை நிறைவேற்றும்போது உரியாவோடு வேறு சில வீரரும் மடிந்தனர். அவர்கள் யாருடைய பாவத்துக்கும் தொடர்பற்றவர்கள். அதிகாரத்தின் குற்றத்தை மூடும்போது சிந்தும் இரத்தம் குறிவைத்த ஒருவனோடு நிற்பதில்லை.

அலகாபாத் தீர்ப்புக்குப்பின் நிகழ்ந்தவற்றை இவ்வொளியில் நோக்கினால், 1975ஆம் ஆண்டின் துயரம் ஒரு தலைவியின் தவறு மட்டும் அன்று என்பது புலப்படும். கடிதத்தைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்காத யோவாபுகள் பலர் இருந்தனர். பிரகடனத்தைப் படித்துக் கையொப்பமிட்டவர், விடியற்காலையில் கூடித் தலையசைத்த அமைச்சர், ஆணை வருமுன்னரே ஆளைப் பிடித்த அலுவலர், இந்தியாவே இந்திரா என்று முழங்கிய கட்சித் தலைவர் தேவகாந்த பரூவா ஆகிய எல்லாரும் அதில் பங்காளிகள். இவர்களுக்கு இடையே தனித்து நின்றவர்களும் உண்டு. சிறைப்பட்டவர் நீதிமன்றத்தை நாடும் உரிமை நெருக்கடிக் காலத்தில் இல்லை என்று 1976 ஏப்ரல் 28ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் தீர்த்தபோது, எச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். 1977 ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி அவருக்கு இளையவரான பெய்க்குக்கு அளிக்கப்பட்டது. கன்னா பதவி விலகினார்.

4. தமிழகமும் குற்றம் சாட்டும் கலையும்

தமிழ்நாட்டில் அப்போது கலைஞர் கருணாநிதியின் தி.மு.க. அரசு இருந்தது. நெருக்கடி நிலையை அக்கட்சி வெளிப்படையாக எதிர்த்தமையால், வடக்கே தேடப்பட்ட தலைவர் சிலருக்குத் தமிழகம் புகலிடமாயிற்று. 1976 ஜனவரி 31ஆம் நாள் அவ்வரசு கலைக்கப்பட்டது. கட்சியினர் பலர் மிசாவில் சிறைப்பட்டனர். சங்கரன்கோவிலுக்கு அருகிலுள்ள கலிங்கப்பட்டியைச் சேர்ந்த இளம் வழக்கறிஞர் வை. கோபால்சாமி (பிற்காலத்து வைகோ) அவர்களுள் ஒருவர். சென்னை மத்திய சிறையில் கைதிகள் கொடுமையாக அடிக்கப்பட்டனர். முன்னாள் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு 1977 ஜனவரியில் உயிர் நீத்தார். நீதிபதி எம். எம். இஸ்மாயில் தலைமையில் அமைந்த குழு பின்னர் இச்சிறைக் கொடுமைகளை விசாரித்தது. ஆகவே, நெருக்கடி நிலை நம்மைத் தொடாமல் சென்றது என்று கூறுவதற்கில்லை.

தி.மு.க. அரசு கலைக்கப்பட்ட சில நாட்களில், அவ்வாட்சியின் ஊழல் புகார்களை ஆராய நீதிபதி சர்க்காரியா தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. எம்.ஜி.ஆரும் கம்யூனிஸ்டுத் தலைவர் எம். கல்யாணசுந்தரமும் 1972ஆம் ஆண்டிலேயே அப்புகார்களைக் கொடுத்திருந்தனர். மூன்று ஆண்டுகளுக்கு மேலாக அவை உறங்கின. தி.மு.க. நெருக்கடி நிலையை எதிர்த்தபின் அவை விழித்தெழுந்தன. 1980ஆம் ஆண்டுத் தேர்தலில் அதே அம்மையாரும் அதே தி.மு.க.வும் கூட்டணி கண்டனர். புகார்களில் உண்மை இருந்ததா இல்லையா என்பது இங்கு வினாவன்று. ஆராய வேண்டிய நாளில் ஆராயாமல், பழிவாங்க வேண்டிய நாளில் ஆராய்வது நீதியின் பெயரால் செய்யும் அரசியல் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

திருமறையில் இதற்கும் ஒப்புமை உண்டு. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பறிக்க யேசபேல் ஏற்பாடு செய்தது முறையான ஒரு விசாரணை. உபவாசம் கூறப்பட்டது, மூப்பர் கூடினர், சாட்சிகள் இருவர் இருந்தனர். சட்டத்தின் வடிவம் முழுவதும் நிறைவேறிற்று. ஒருவன் மீது குற்றம் சாட்டுவதனாலேயே எவரும் நாத்தான் ஆகிவிடுவதில்லை. நாத்தான் வலியவனிடம் சென்று வலியவனின் குற்றத்தைக் கூறினான். வலியவனின் ஏவலால் வீழ்த்தப்பட வேண்டியவனின் குற்றத்தைக் கூறுவோர் நாபோத்தின் ஊரில் இருந்த சாட்சிகளையே ஒப்பர்.

5. திருச்சபை எங்கே நின்றது?

இனி, நம் முதல் வினாவுக்கு வருவோம். நெருக்கடிக் காலத்தில் இந்தியத் திருச்சபைகளின் தலைவர் சிலர் அரசின் 20 அம்சத் திட்டத்தை வரவேற்றனர். கொத்தடிமை ஒழிப்பும் கிராமக் கடன் நிவாரணமும் அதில் இருந்தமையால் அவ்வரவேற்பில் ஓரளவு நியாயமும் இருந்தது. இரயில்கள் நேரத்துக்கு வந்தன, அலுவலகங்களில் ஒழுங்கு வந்தது என்று போற்றியோரும் உண்டு. பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை.

இம்மௌனத்தின் காரணங்களை இகழ்ச்சியின்றி ஆராய்வது வரலாற்று மாணவரின் கடமை. முதலாவது, சிறுபான்மையினரின் அச்சம். மதச்சார்பற்ற அரசின் பாதுகாவலராக அம்மையாரைக் கண்ட கிறிஸ்தவர், அவருக்கு எதிரணியில் இந்து தேசியவாதிகள் இருப்பதைக் கண்டு தயங்கினர். இரண்டாவது, நம் நிறுவனங்கள். பள்ளிகளும் கல்லூரிகளும் அரசின் மானியத்தைச் சார்ந்திருந்தன. மருத்துவமனைகளும் இறையியல் கல்லூரிகளும் வெளிநாட்டு உதவியைச் சார்ந்திருந்தன. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 1976ஆம் ஆண்டில், நெருக்கடிக் காலத்திலேயே, நிறைவேற்றப்பட்டது என்பது நினைக்கத்தக்கது. மூன்றாவது, நம் இறையியல். ரோமர் 13ஆம் அதிகாரம் எல்லாப் பீடங்களிலும் தெரிந்திருந்தது. வெளிப்படுத்தல் 13ஆம் அதிகாரம் கடைசிக்கால விளக்கங்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருந்தது. அதிகாரிகளுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று கற்றிருந்த சபைக்கு, இந்தியாவில் அதிகாரி என்பவர் அரசியலமைப்புக்குக் கீழ்ப்பட்ட ஆளே என்பது கற்பிக்கப்படவில்லை. அலகாபாத் நீதிபதியும் ரோமர் 13 கூறும் அதிகாரத்தின் ஒரு பகுதியே என்று எண்ணியவர் எத்தனை பேர்?

ஆயினும் மௌனம் முழுமையாக இல்லை. மார்த்தோமா திருச்சபையின் பேராயர் யூகானோன் மார்த்தோமா, நெருக்கடி நிலையைக் கண்டித்துப் பிரதமருக்கே கடிதம் எழுதினார். 1976 செப்டம்பரில் அவர் காலமானபோது நெருக்கடி நிலை நீங்கவில்லை; தம் சொல்லின் பலனைக் காணாமலே அவர் சென்றார். உலகத் திருச்சபை மன்றத்தின் மத்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கிய எம். எம். தாமஸ், சென்னையிலிருந்து வெளிவந்த 'கார்டியன்' என்னும் கிறிஸ்தவ வார இதழில் தணிக்கையின் நெருக்கடியிலும் தொடர்ந்து எழுதினார். அக்கட்டுரைகள் 1979ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. இவ்விருவரும் அரசியல் கட்சி எதற்கும் வேலை செய்யவில்லை. இருவருக்கும் இழப்பதற்குத் திருச்சபையும் நிறுவனங்களும் நற்பெயரும் இருந்தன. அரசனுக்குக் கடிதம் எழுதும் துணிவு ஓர் ஆயருக்கு இருக்கக்கூடும் என்பதை அவர்கள் காட்டினர்.

6. நாத்தானின் பணி

நாத்தான் அரண்மனைக்கு அயலான் அல்லன். 7ஆம் அதிகாரத்தில் தாவீதின் வீட்டுக்கு நிலையான ஆசியை அறிவித்தவன் அவனே. ஆலயம் கட்டும் எண்ணத்துக்கு முதலில் எளிதாக இசைந்து, அன்றிரவே ஆண்டவரால் திருத்தப்பட்டவனும் அவனே. அரசனின் அன்பையும் ஆதரவையும் பெற்றவன் அரசனிடம் உண்மை பேசுவது அயலான் பேசுவதைவிடக் கடினம். நம் நிலையும் அதுவே. சட்டமன்ற உறுப்பினரை ஆலயப் பிரதிஷ்டைக்கு அழைக்கிறோம். அமைச்சரைக் கிறிஸ்துமஸ் விழாவுக்குத் தலைமையேற்கச் செய்கிறோம். பள்ளிக் கட்டடத்துக்கு நிதி கேட்கிறோம். இவற்றில் குற்றமில்லை. ஆனால் அந்த உறவு ஒரு நாள் நம் வாயை அடைக்குமானால், நாம் நாத்தானின் ஆசியை வைத்துக்கொண்டு அவனுடைய பணியைக் கைவிட்டவர்கள் ஆவோம்.

இரண்டாவது, நாத்தான் தாவீதின் படுக்கையறைச் செய்திகளைச் சுவைத்துப் பேசவில்லை. அவன் சொன்ன உவமையில் இச்சையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. செல்வனும் ஏழையும் அவனுடைய ஒரே ஆட்டுக்குட்டியுமே அதில் உண்டு. தலைவர்களின் ஒழுக்கக்கேட்டை ஊர் பேசும்போது, திருச்சபை கேட்க வேண்டிய கேள்வி இதுவே: இதில் ஆட்டுக்குட்டியை இழந்த ஏழை யார்? கருத்தடை முகாமுக்கு இழுத்துச் செல்லப்பட்ட கூலியாளும், விசாரணையின்றிச் சிறையில் கிடந்த இளைஞனும் 1975-77இன் உரியாக்கள். அவர்களை விட்டுவிட்டு அரண்மனைக் குடும்பத்தின் சொந்த வாழ்வை மட்டும் பேசுவது வம்பு, தீர்க்கதரிசனம் ஆகாது.

மூன்றாவது, நாத்தானின் சொல் நம் வீட்டையும் நோக்கி வருகிறது. சேகரக் கமிட்டித் தேர்தல் முதல் திருமண்டலத் தேர்தல் வரை நம்மிடையேயும் பதவிகள் உள்ளன. தணிக்கையாளர் கணக்கில் ஒரு சிறு பிழையைக் காட்டும்போது, பிழையை ஒப்புக்கொண்டு திருத்துகிறோமா, அல்லது தணிக்கையாளரை மாற்றுகிறோமா? ஒரு விதி நமக்கு இடையூறாகும்போது விதிக்கு அடங்குகிறோமா, கமிட்டியைக் கூட்டி விதியைத் திருத்துகிறோமா? 39ஆம் திருத்தத்தின் மனப்பான்மை டில்லியில் மட்டும் குடியிருப்பதன்று. சிறு குற்றத்தை ஏற்கும் தாழ்மை இல்லாத இடத்தில் பெருங்குற்றம் வளர்கிறது. இது அரசுக்கும் சபைக்கும் பொதுவான விதி.

முடிவுரை

1977 ஜனவரியில் தேர்தலை அறிவித்தவரும், மார்ச்சில் தோல்வியை ஏற்றுப் பதவி விலகியவரும் இந்திரா காந்தி அம்மையாரே. அதை மறப்பது நேர்மையாகாது. ஆனால் 1978 ஜனவரியில் ஷா விசாரணைக் குழுவின் முன் சத்தியப்பிரமாணம் செய்து சாட்சி கூற அவர் மறுத்துவிட்டார். 1975இல் அலகாபாத் கூண்டில் ஏறியவர், தம் ஆட்சியைப் பற்றிய கேள்விக்கு வாய் திறக்க மறுத்தது வருந்தத்தக்கது. 1980இல் அவர் மீண்டும் ஆட்சிக்கு வந்தபின் ஷா குழுவின் அறிக்கைப் படிகள் கிடைப்பதே அரிதாயிற்று. மறைந்துபோன அவ்வறிக்கையைத் தேடியெடுத்து 2010ஆம் ஆண்டில் மறுபதிப்புச் செய்தவர் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் இரா. செழியன் என்னும் தமிழர்.

திருமறையிலும் இத்தகைய இருவகை வரலாறு உண்டு. நாளாகம நூலின் ஆசிரியர் தாவீதின் அரசை எழுதும்போது பத்சேபாள் நிகழ்ச்சியை விட்டுவிட்டார். சாமுவேல் நூலின் ஆசிரியர் அதை விடவில்லை. தம் தலைசிறந்த அரசனின் குற்றத்தைத் தம் வேதத்திலேயே எழுதி வைத்து, தலைமுறைதோறும் சபையில் வாசித்த மக்கள் இஸ்ரவேலர். அக்குற்றத்தை நாத்தான் கூறியபோது தாவீது ஒப்புக்கொண்டான், மன்னிப்பும் பெற்றான், விளைவுகளையும் சுமந்தான். பத்சேபாள் பெற்ற மக்களுள் ஒருவனுக்கு நாத்தான் என்றே பெயர் என்று 1 நாளாகமம் 3ஆம் அதிகாரம் கூறுகிறது. நூற்றாண்டுகள் பல கடந்தபின், மேசியாவின் வம்ச வரலாற்றை எழுதிய மத்தேயு, சாலொமோனின் தாயை அவள் பெயரால் குறிப்பிடாமல் உரியாவின் மனைவியாக இருந்தவள் என்று குறிப்பிடுகிறார். அரசன் அழிக்க நினைத்த பெயர் அரசனின் வம்சப் பட்டியலிலேயே நிலைத்துவிட்டது.

நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு 50 ஆண்டுகள் கடந்துவிட்டன. அன்று சிறைப்பட்டவர்களுள் பலர் மறைந்துவிட்டனர்; இன்று பட்டம் பெறும் இறையியல் மாணவர் எவரும் அன்று பிறந்திருக்கவில்லை. சங்கரன்கோவில் வட்டாரத்துச் சேகரங்களில் அந்நாட்களை நினைவிற்கொண்டுள்ள மூத்தோர் இன்னும் இருப்பர். அவர்களை அணுகி, அந்த 21 மாதங்களில் யார் சிறைக்குச் சென்றனர், யார் முகாமுக்கு இழுக்கப்பட்டனர், ஆலயத்தில் என்ன பிரசங்கிக்கப்பட்டது என்று கேட்டு எழுதி வைப்பது ஒரு மாணவர் தம் ஆய்வுக் கட்டுரைக்கு எடுத்துக்கொள்ளத் தக்க பணி. உரியாக்களின் பெயர்கள் சபையின் ஏடுகளில் இடம்பெறும்போதே, அடுத்த கடிதம் வரும் நாளில் அதைப் படித்துக் கேள்வி கேட்கும் ஊழியர்களைத் திருச்சபை பெறும்.